சித்தப்பாவின் பேரில் கம்பளி

எங்கள் குடும்பம் வருடந்தோறும் கம்பளி வழங்குகிற குடும்பம். ஏதோ குளிர்ப் பிரதேசம் என்று நினைத்துவிட வேண்டாம். கருங்கல் டவுனிலிருந்து தேங்காய்ப்பட்டணம் கடற்கரைக்குப் போகிற வழியில் இருக்கிறது எங்கள் ஊர். மார்கழியில்கூட கரண்ட் போனால் வேர்த்து எழுந்து உட்கார்ந்துவிடுவோம். அங்கே சபை நடத்துகிற முதியோர் இல்லத்துக்குச் சாம்பல் நிறத்தில், தொட்டாலே அரிக்கிற கம்பளிகளைக் கட்டுக் கட்டாகக் கொண்டுபோய்க் கொடுப்போம். அவர்களும் ஸ்தோத்திரம் சொல்லி வாங்கிக்கொள்வார்கள். மடித்துத் தலைக்கு வைத்துக்கொள்பவர்கள் உண்டு. ஒரு பெரியவர் முற்றத்தில் விரித்து அதன்மேல் நல்லமிளகு காயப்போட்டிருந்ததை நானே பார்த்தேன். எங்கள் கம்பளிக்கு அதைவிட நல்ல உபயோகம் கிடையாது.

இதெல்லாம் என் சித்தப்பாவின் பேரில். அப்பாவின் தம்பி அவர். ராணுவத்தில் இருந்தார். பனிமலையில் எல்லையைக் காத்து நிற்கையில் இறந்துபோனார். குளிரில் கஷ்டப்பட்டவர் நினைவாகக் கம்பளி. ஊரிலும் சபையிலும் நாங்கள் சொல்லி வந்தது இதுதான். கல்லறைக் கல்லில் ‘எல்லையில்’ என்று பொறித்தும் வைத்திருக்கிறோம்.

அவர் இறந்த இடத்தில் பனி பெய்ததே கிடையாது. அவர் இறந்தது யாழ்ப்பாணத்தில்.

அப்போது நான் தொடக்கப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அமைதி காக்க என்று சொல்லி இலங்கைக்குப் போன நம் படை, அங்கே சண்டைக்குள் இறங்கிவிட்டிருந்த காலம். தமிழ்நாடே கொதித்துக் கிடந்தது. வடசேரி பஸ் ஸ்டாண்டில் அப்பா என்னை நிறுத்திவிட்டுக் காய் வாங்கப் போனபோது, சுவரில் ஒட்டியிருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தேன். நம் ராணுவத்தைத் திட்டி எழுதியிருந்தது. திரும்பி வந்த அப்பாவிடம் “சித்தப்பாவையா ஏசுறாங்க?” என்று கேட்டேன். அப்பா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

அதற்குப் பிறகு சில மாதங்களில் பெட்டி வந்தது. அவர் போன வண்டி கண்ணிவெடியில் சிக்கியிருந்தது. தகரம் வைத்து அடித்த பெட்டி, திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கூட வந்த சிப்பாய்களுக்கு இந்தி தவிர வேறு பாஷை தெரியவில்லை. சித்தி கல்யாணமாகி வந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. அந்தப் பெட்டியின் தகரத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டு கிடந்தாள்.

அப்பாவுக்குத் துக்கம் ஒருபக்கம், பயம் ஒருபக்கம். எங்கே இறந்தார் என்று தெரிந்தால் அடக்கத்துக்கு ஆள் வராது என்று பயந்தார். டீக்கடையில் யாரோ ஏதோ சொல்லியிருந்தார்களாம். போதகர் வந்து, “ஆராதனையில என்ன சொல்லணும்?” என்று கேட்டபோது, அப்பா “எல்லையில ஐயா” என்று மட்டும் சொன்னார். கடலும் ஓர் எல்லைதானே என்று மனதுக்குள் சமாதானம் செய்துகொண்டிருப்பார் போல. போதகர் நல்ல பேச்சாளர். எல்லை என்ற ஒரு வார்த்தை அவருக்குப் போதும். பிரசங்கத்தில் பனிமலை வந்தது, உறைந்த ஆறு வந்தது, விரல் மரத்துப்போன நிலையிலும் துப்பாக்கியை விடாத வீரன் வந்தான். சபை முழுக்க அழுதது. அப்பா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். எழுந்து இல்லை என்று சொல்ல அது நேரமும் இல்லை.

ஊருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தவர்கள் மரியாதைக்காக மறந்தார்கள். பின்னால் வந்தவர்களுக்கு உண்மையிலேயே தெரியாது. கார்கில் சமயத்தில் சபையில் அப்பாவைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்த மகிழ்ச்சியில்தான் கம்பளி தொடங்கியது. பொய்யை நாங்கள் சொன்னோம் என்பதுகூடப் பெரிதில்லை. அதைப் போர்த்திக்கொண்டு கதகதப்பாக இருந்தோம் பாருங்கள், அதை நினைத்தால்தான் எனக்கு இப்போது உடம்பு கூசுகிறது.

நினைவு நாளை எங்கள் பக்கம் ஓர்ம நாள் என்போம். வருடந்தோறும் அன்று மாலை வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். கீர்த்தனை பாடி முடித்ததும் அப்பா எழுந்து தம்பியைப் பற்றிப் பேசுவார். பனி ஒவ்வொரு வருடமும் ஒரு சாண் உயரும். சித்தி அந்த நேரத்தில் முன்னறையில் இருக்கமாட்டாள். அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருப்பாள். சித்தப்பாவுக்கு மரச்சீனியும் மத்திக் குழம்பும் என்றால் உயிர். பேச்சு முடிந்து ஜெபம் முடிந்து ‘ஆமென்’ கேட்ட பிறகுதான் தட்டோடு வருவாள். வேலைக்காரி மாதிரி ஒதுங்கி நிற்கிறாளே என்று அம்மா குறைப்பட்டுக்கொள்வாள். ஏன் ஒதுங்குகிறாள் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாள் என்று எல்லோருக்கும் தெரியும்.

அப்பா போனபின் அந்தப் பேச்சு என் தம்பிக்கு வந்து சேர்ந்தது. வீடும் அவனுடையது. சித்திக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. மறுகல்யாணத்துக்கு எவ்வளவோ சொல்லியும் கேட்காமல் இந்த வீட்டிலேயே இருந்துவிட்டவள். தம்பியின் மகளைத் தூக்கி வளர்த்தது அவள்தான். முன்னறைச் சுவரில், வாசலைப் பார்த்தபடி, சித்தப்பாவின் படம். மார்த்தாண்டத்தில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. ராணுவ உடுப்பில், சிரிக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்காத முகம். சித்தி காலையில் முற்றம் தூத்துவிட்டு உள்ளே வரும்போது அதன் கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் ஒரு துடைப்புத் துடைப்பாள். அவர் போன நாள் முதலாக நாங்கள் பார்ப்பது அது.

போன வருடம் தம்பி எனக்குப் போன் செய்தான். நான் நாகர்கோவிலில் இருக்கிறேன்.

“அக்கா, ஒரு சங்கதி. பிள்ளை அவளே பாத்து வச்சிருக்க பையனுக்க வீட்டுக்காரு ஞாயித்துக்கிழமை வாறாவ.”

“நல்லதுதானே. வரட்டும்.”

“அவிய ஊரு எதுண்ணு தெரியுமா? யாழ்ப்பாணம். அந்தச் சண்டையில போட்டுல ஏறி வந்தவிய. இப்ப திருச்சியில இருக்காவ. நம்மளப் போல வேதக்காரருதான், அதுல கொழப்பம் ஒண்ணும் இல்ல.” கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டான். “சித்தப்பாக்க போட்டோவ என்ன செய்ய?”

யோசித்துச் சொல்கிறேன் என்று நான் சொல்லவில்லை. உடனே சொன்னேன். “கொஞ்ச நேரத்துக்குத்தானலே? எடுத்து உள்ள வச்சிரு. பிள்ளைக்க வாழ்க்கை முக்கியம்.”

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நானே போய்விட்டேன். பெங்களூரிலிருந்து முந்தின நாள் வந்திருந்த தம்பி மகள் குளித்துக்கொண்டிருந்தாள். சித்தி கோழிக்கூட்டுப் பக்கம் இருந்தாள். அந்த நேரம் பார்த்துத் தம்பி நாற்காலியில் ஏறினான். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். திருடுகிறவர்கள்கூட இவ்வளவு பதுங்கியிருக்கமாட்டார்கள். படத்தை எடுத்ததும் சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெள்ளைவெளேரென்று தெரிந்தது. தம்பி மனைவி ஓடிப்போய்ச் சபைக் காலண்டரைக் கொண்டு வந்தாள். அதே ஆணியில் அதை மாட்டினோம். காலண்டர் படத்தைவிட ஒடுக்கம். இரண்டு பக்கமும் வெள்ளை எட்டிப் பார்த்தது. படத்தை என் அம்மாவின் பழைய அலமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்தேன்.

சித்தி முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். வழக்கப்படி தலைப்பை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பியவள் அப்படியே நின்றாள். நாங்கள் மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தோம்.

“காலண்டர் கொள்ளாம், நல்லாருக்கு” என்றாள். முட்டையை வைக்க அடுக்களைக்குப் போனாள்.

அவள் சத்தம் போட்டிருக்கலாம். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நாங்களும் ஏதாவது பதில் சொல்லித் தப்பியிருப்போம்.

பத்து மணிக்குக் காரில் வந்தார்கள். பையன், அவன் அப்பா, அம்மா. பையன் திருச்சிப் பையன்தான், பேச்சிலும் நடப்பிலும். அப்பா அதிகம் பேசாதவர். அம்மா மட்டும் இத்தனை வருடத்துக்குப் பிறகும் பேச்சில் ஊரை விடவில்லை. முந்திரிக்கொத்தைக் கடித்துவிட்டு, “இது எங்கட பயத்தம் பணியாரம் மாதிரியெல்லே இருக்குது” என்று சந்தோஷப்பட்டார். நாங்கள் காலையில் புட்டு சாப்பிடுவோம் என்றதும் மகனைப் பார்த்து, “கண்டியோ, நான் சொன்னனான்” என்றார். தம்பிக்கு முகம் தெளிந்தது. எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்று எனக்குச் சைகை காட்டினான்.

அந்த அம்மா காப்பியைக் குடித்தபடியே சுவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தம்பி மகளைப் பார்த்துக் கேட்டார்.

“பிள்ளை, எங்கை உங்கட சின்னத் தாத்தாவின்ட படம்? வாசலுக்கு நேரை இருக்குது எண்டு சொன்னனீர்?”

அவள் நிமிர்ந்தாள். எழுந்துபோய்க் காலண்டரைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் வெள்ளையாக ஒரு சதுரம்.

“இஞ்சதானே இருந்து! ஆரு எடுத்தது?”

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவளுக்கு எல்லாம் தெரியும். வளர்த்த சித்தி சொல்லியிருக்கிறாள். இவள் பையனிடம் சொல்லியிருக்கிறாள், போனில் படத்தைக் காட்டியிருக்கிறாள். அவன் தன் வீட்டில் சொல்லியிருக்கிறான். தெரிந்துதான் வந்திருக்கிறார்கள். பிள்ளைக்கும் வந்தவர்களுக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தது நாங்கள் மூன்று பேர் மட்டும்தான்.

தம்பி வாய் குழறி, “வெள்ளையடிக்கதுக்காக எடுத்து வச்சது” என்றான். எந்தக் காலத்தில் வெள்ளையடித்த சுவர் என்று அந்தச் சதுரமே சொல்லிக்கொண்டிருந்தது. பையனின் அப்பா எழுந்து வாசலுக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

அந்த அம்மா குரலை உயர்த்தவில்லை.

“எங்களுக்குப் பயந்தோ கழட்டினனீங்கள்? எனக்கு ஒரு அண்ணை இருந்தவர். அந்தச் சண்டையிலதான் செத்தவர், ஷெல் விழுந்து. ஆர் அடிச்சது எண்டு இண்டைக்கும் எங்களுக்குத் தெரியாது. வீட்டை விட்டு ஓடேக்கை படம் ஒண்டும் எடுக்கேல்லை. இப்ப அண்ணையின்ட முகம் எனக்கு ஞாபகத்தில வருகுதில்லை. கண்ணை மூடினா என்ட மகன்ட முகம்தான் வருது. உங்களிட்டப் படம் இருக்குது. அதைக் கழட்டி வைச்சிருக்கிறியள்.”

அவரே தொடர்ந்தார். “மன்னிக்கிறதுக்கு நான் வரேல்லை. அது வேறை கதை, அது எனக்கு ஏலுமோ எண்டும் தெரியாது. ஒரு வீட்டில பிள்ளையைக் குடுத்து எடுக்கிறதெண்டா அந்த வீட்டில செத்தவையையும் தெரிஞ்சிருக்க வேணும். அவ்வளவுதான்.”

நான் எழுந்து அலமாரிக்கு ஓடினேன். எங்கேயாவது ஓடவேண்டும் போலிருந்தது என்பதுதான் உண்மை. சேலைகளைத் தூக்கிப் பார்த்தேன். படம் இல்லை. ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் போட்டுத் தேடினேன். பிறகு மெல்ல நடந்து சித்தியின் அறைக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். படம் மடியில் இருந்தது. கண்ணாடியை வழக்கம்போலத் துடைத்து முடித்திருந்தாள்.

என் பின்னாலேயே அந்த அம்மா வந்திருந்தார். என்னைத் தாண்டி உள்ளே போய்க் கட்டிலில் சித்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

“சின்ன ஆள்” என்றார்.

“ஆமா. எனக்கு இப்பம் மகன் வயசு” என்றாள் சித்தி. பிறகு அவளாகவே பேசத் தொடங்கினாள். என்னைப் பார்த்து அல்ல. “கடைசி லீவுக்கு வந்தப்ப ஒறங்கவே மாட்டாரு. முதுகெல்லாம் வேர்க்குரு. அங்க வெயிலு நம்ம ஊரு போலத்தான் எண்ணாரு. தென்னை, பனை, முற்றம் எல்லாம் நம்ம ஊருதானாம். இவருக்குத் தமிழ் தெரியுமிண்ணு வீடு வீடா சோதனைக்குப் போவும்ப முன்ன விடுவாங்களாம். ஒரு வீட்டுல ஒரு அம்மா இவரு பேசினதக் கேட்டுட்டு, நீ ஆருக்க பிள்ளடா மோனேண்ணு கேட்டாளாம். இவருக்குப் பதில் சொல்ல நாக்கு வரல்லியாம். வெக்கமா இருந்து பிள்ளேண்ணு எங்கிட்ட சொல்லி அழுதாரு. நான் இனி போண்டாம்ணு சொன்னேன். போவாம இருக்க ஒக்குமா?”

இத்தனை வருடமும் இதை அவள் அடுக்களையில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். முன்னறையில் நாங்கள் பனியைக் கொட்டிக்கொண்டிருந்தோம். வெட்கப்படத் தெரிந்த ஒரே ஒரு மனிதனை எங்கள் குடும்பம் பெற்றிருந்தது. அவரைப் பற்றி வெட்கப்பட்டுத்தான் நாங்கள் கதை கட்டினோம்.

வாசலில் நின்றிருந்த பையனின் அப்பா கடைசிவரை படத்தைப் பார்க்க வரவில்லை. போகும்போது தம்பியின் கையைப் பிடித்து, “கலியாணத்தில எங்களுக்கு ஆட்சேபணை இல்லை” என்று மட்டும் சொன்னார். அவருக்கு என்ன கதை இருந்தது என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை இருப்பதாகத் தோன்றவில்லை.

கார் வளைவு திரும்பியதும் தம்பி காலண்டரைக் கழற்றி எறிந்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டான். “சித்தி, போட்டோவத் தாருங்க. மாட்டுகேன்.”

சித்தி அறை வாசலில் நின்றாள். படத்தைத் தரவில்லை.

“வேண்டாம் மக்கா. இத்தன வருசம் பனியில கெடந்தாரு. இண்ணைக்கு அலமாரியில கெடந்தாரு. இனி எனக்ககூட இருக்கட்டும்.”

தம்பி நாற்காலியிலிருந்து இறங்கி, அதிலேயே உட்கார்ந்து அழுதான். நான் அழவில்லை. அழுதால் சித்தி வந்து தேற்றுவாள், அது இன்னும் கேவலம்.

அடுத்த மாதம் ஓர்ம நாள் வந்தது. தம்பி வழக்கம்போல, “கம்பளிக்குச் சொல்லவா சித்தி?” என்று கேட்டுவிட்டுத் தானே நாக்கைக் கடித்துக்கொண்டான். சித்தி கோபப்படவில்லை. “விசிறி வாங்கிக் குடு. அந்தக் கெழடுகளாவது காத்து கொள்ளட்டு” என்றாள்.

மாலையில் அதே முன்னறை. போதகர் வெளியூர் போயிருந்தார், நாங்களும் நாலைந்து உறவினர்களும் மட்டும். சுவரில் அந்த வெள்ளைச் சதுரமும் வெறும் ஆணியும். வந்தவர்கள் பார்த்தார்கள், கேட்கவில்லை. சித்தி அந்த வருடம் மரச்சீனியை முன்னதாகவே வேகவைத்து இறக்கிவிட்டு வந்து, முன்வரிசையில் உட்கார்ந்தாள். மடியில் படம். கீர்த்தனை முடிந்தது. தம்பி பேச எழுந்தான். சித்தியின் மடியிலிருந்த படத்தைப் பார்த்துவிட்டு, “ஜெபம் பண்ணுவோம்” என்று கண்ணை மூடிக்கொண்டான்.

“அன்பின் தகப்பனே, எங்க சித்தப்பாவுக்காக உம்மை ஸ்தோத்திரிக்கிறோம். தூர தேசத்திலே ஜீவனை விட்ட...”

“தூரமா மக்கா?”

சித்தியின் குரல். ஜெபத்தின் நடுவில் எங்கள் சபையில் யாரும் குறுக்கே பேசுவதில்லை. நான் கண்ணைத் திறந்துவிட்டேன். அவள் கண்ணை மூடித்தான் இருந்தாள்.

“கடலுக்கு அக்கரையிலதானே?” என்றாள். “சொல்லிட்டு ஜெபம் பண்ணு.”

தம்பிக்குப் பதில் நான் சொல்லியிருக்கலாம். அக்காதானே, நாற்காலியைப் பிடித்தவள்தானே. மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டேன்.

“யாழ்ப்பாணத்திலே” என்றான் தம்பி, கடைசியில்.

ஜெபம் இன்னும் பாதியில்தான் இருந்தது. சித்தி “ஆமென்” என்று சொல்லிவிட்டுப் படத்தை எடுத்துக்கொண்டு எழுந்து தன் அறைக்குப் போனாள்.